லைக் கேட்பதற்கு முன் அப்டேட்டை முடியுங்கள்: சிறு கேம் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

மாலை ஆறு மணிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு காந்தி சிலையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், பாறைகளை ஒட்டிய திட்டில் வரிசையாக உட்கார்ந்து கேம் ஆடும் பையன்களைப் பார்க்கலாம். அவர்களில் ஒருவன் ஒருநாள் பக்கத்தில் இருந்தவனை உலுக்கினான். "டேய், அந்தப் போஸ்ட்டுக்கு லைக் போட்டியா? அஞ்சு லட்சம் தாண்டினா எல்லாருக்கும் ஸ்கின் ஃப்ரீயாம்." ஸ்கின் என்றால் கேமில் வரும் ஆளுக்குப் போடும் புதுத் தோற்றம். மற்றவன் ஆட்டத்திலிருந்து வெளியே வந்து, லைக் போட்டுவிட்டுத் திரும்பவும் உள்ளே போனான். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அந்தப் பத்து விநாடிக்காக எங்கோ ஒரு கம்பெனியில் பல வாரம் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள்.

முதல் கேமை இப்போதுதான் பிளே ஸ்டோரில் ஏற்றிவிட்டு, முதல் பெரிய அப்டேட்டை ஊருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிற்கும் இரண்டு மூன்று பேர் கொண்ட குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். காலாப்பட்டு விடுதி அறைகளிலும் மஞ்சக்குப்பம் மாடி வீடுகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். நிரல் எழுதுகிறவர் கடலூர், படம் வரைகிறவர் லாஸ்பேட்டை, ஆட்களோடு பேசும் வேலை முத்தியால்பேட்டையில் இருக்கும் எனக்கு. எங்கள் கேம் தாயம். இரண்டு பித்தளைக் கட்டை, நான்கு பக்கங்களின் நடுவிலும் மையத்திலும் மலை (காயை வெட்ட முடியாத இடம்) போட்ட கட்டம், அவ்வளவுதான்.

பெரியவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்

பிரபலத்தைத் தேடும் பிரசாரங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் நான்கைந்து வகைதான்.

ஒன்று, இலக்கு வைத்துப் பரிசு தருவது. இத்தனை முன்பதிவு, இத்தனை லைக், இத்தனை பதிவிறக்கம் வந்தால் எல்லோருக்கும் இது என்று சொல்வது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பிறகு, கிராஃப்டன் நிறுவனம் 2021 ஜூலை 2 அன்று பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவைக் கொண்டுவந்தபோது இதைத்தான் செய்தது. முன்பதிவு செய்தவர்களுக்குப் பரிசு, பிறகு பதிவிறக்கம் 5 கோடியை நெருங்க நெருங்கப் படிப்படியாகப் பரிசு. ஆடுகிறவர்களே நண்பர்களை இழுத்து வந்தார்கள்.

இரண்டாவது, எதையும் சொல்லாமல் ஆவலை ஏற்றுவது. 2019 அக்டோபர் 13 அன்று ஃபோர்ட்நைட் ஆட்டத்தின் தீவு முழுவதையும் ஒரு கருந்துளை விழுங்கியது. அவர்களுடைய ட்விட்டர் கணக்கிலிருந்த பழைய பதிவுகள் எல்லாம் காணாமல் போயின. அக்டோபர் 15-ஆம் தேதி இரண்டாம் அத்தியாயம் வரும்வரை லட்சக்கணக்கானோர் ஒரு கறுப்பு வட்டத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது, திடீரென்று வந்து இறங்குவது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2019 பிப்ரவரி 4 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் வந்தது. கேம் ஆடுவதை நேரலையில் காட்டும் பிரபலமான ஸ்ட்ரீமர்கள் அன்றே ஆடிக் காட்டினார்கள். ஒரே வாரத்தில் 2.5 கோடிப் பேர் உள்ளே வந்தார்கள். இந்த இரண்டும் நமக்கு ஆகாது. நாம் மௌனமாக இருந்தால் ஆவல் ஏறாது, மறந்துபோவார்கள்.

நான்காவது ஓட்டெடுப்பு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சிறு குழுக்கள் முதலில் கை வைப்பது இதில்தான்.

மைன்கிராஃப்ட் கேமில் அடுத்த அப்டேட்டில் எந்த உயிரினம் சேர வேண்டும் என்று ஆடுகிறவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். 2017-இல் தொடங்கியது. 2020-இல் அந்த ஓட்டெடுப்பு ட்விட்டரில் நடந்தது. மூன்று உயிரினங்கள் போட்டியிட்டு ஒளிரும் கணவாய் வென்றது, நம்மூர் மீன் அங்காடியில் கடம்பா என்று விற்கிறார்களே அந்த வகை. ஓட்டெடுப்பு முடிந்ததும் சண்டை தொடங்கியது. பெரும் கூட்டம் பின்தொடரும் ஒரு யூடியூபர் அதற்கு ஆதரவாகப் பதிவு போட்டதால்தான் வென்றது என்று தோற்ற பக்கத்து ரசிகர்கள் கொதித்தார்கள். 2021 ஜூனில் அப்டேட் வந்தபோது இன்னொரு ஏமாற்றம். ஒளிரும் கணவாய் என்றதும் அது கடலுக்கடியில் விளக்குப்போல வெளிச்சம் தரும் என்று பலர் நினைத்திருந்தார்கள். அது பளபளப்பாகத் தெரியும், ஆனால் சுற்றியிருக்கும் இருட்டைப் போக்காது. அதன் மையைத் தடவினால் பலகையில் எழுதிய எழுத்து ஒளிரும், அவ்வளவே.

2022-இல் ஓட்டெடுப்பை ட்விட்டரிலிருந்து எடுத்துத் தங்கள் சொந்தத் தளத்துக்கும் கேமுக்கு உள்ளேயும் மாற்றினார்கள். 2023-இல் அதையே நிறுத்தச் சொல்லி லட்சக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது மற்ற இரண்டையும் விரும்பியவர்களுக்கு அது பறித்துக்கொண்டது போல இருக்கிறது என்பதுதான் அவர்களுடைய வருத்தம். 2024 செப்டம்பரில் அந்த ஓட்டெடுப்பை நிறுத்துவதாக நிறுவனமே அறிவித்தது. 2021 ஓட்டெடுப்பில் தோற்ற காப்பர் கோலெம் என்ற செம்புப் பொம்மை உயிரினம் 2025-இல் எந்த ஓட்டும் இல்லாமல் கேமுக்குள் வந்து சேர்ந்தது.

அவ்வளவு பெரிய கூட்டத்தையே பிரித்துவிட்ட முறை அது. நம்மிடம் இருப்பது முந்நூறு பேர் என்றால், அதில் இருநூறு பேரை ஒரே மாலையில் வருத்தப்படுத்த வேண்டுமா என்று யோசியுங்கள்.

ஓட்டும் பரிசும் இல்லாமல் பிரபலத்தை நல்ல வழியில் திருப்பியதற்கும் உதாரணம் உண்டு. 2020 ஆகஸ்டில் ஃபால் கைஸ் கேமில் ஒரு புது உடை யாருடைய பெயரில் வரவேண்டும் என்று ட்விட்டரில் ஏலம் விட்டார்கள். பெரிய பெயர்கள் போட்டி போட்டுத் தொகையை ஏற்றின. கடைசியில் நான்கு தரப்பு சேர்ந்து கொடுத்த 10 லட்சம் டாலர், உடல் ஊனமுற்றவர்கள் கேம் ஆட உதவும் ஸ்பெஷல் எஃபெக்ட் என்ற பிரிட்டிஷ் அறக்கட்டளைக்குப் போனது. படிக்கும்போது இன்றும் மனம் நிறைகிற கதை.

அப்டேட் கைக்கு வந்த பிறகு வாயைத் திறங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எங்கள் தாயத்தில் முதலில் இரண்டு பேர்தான் ஆடலாம். நான்கு பேர் ஆடும் வசதி வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். பெரிய கம்பெனிகள் செய்வதைப் பார்த்து நானும் ஒரு போஸ்ட் போட்டேன்: "1,000 லைக் வந்தால் நான்கு பேர் ஆட்டம் திறக்கும்!" மூன்றே நாளில் 1,000 வந்துவிட்டது. சொந்தக்காரர்கள், கல்லூரி நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள். அன்று இரவு கடலூரிலிருந்து போன் வந்தது. "ஏம்மா, யாரைக் கேட்டு இதைப் போட்ட? நாலு பேர் ஆட்டத்துல சர்வர் பக்கம் இன்னும் பாதிகூட முடியலையே" என்றார் அண்ணன். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், ஐந்து வயது மூத்தவர். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

முடிக்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் ஒவ்வொரு போஸ்ட்டுக்குக் கீழேயும் "நாலு பேர் ஆட்டம் எங்கே?" என்ற கேள்விதான். ஒரு அம்மா பிளே ஸ்டோரில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து எழுதியிருந்தார்: "என் பசங்க ரெண்டு பேரும் தினமும் திறந்து பார்க்கிறாங்க. இல்லாததை ஏன் சொன்னீங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிப்பு மட்டும் எழுதினேன். அந்த விமர்சனம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இதே தவறு பல மடங்கு பெரிதாக நடந்ததும் உண்டு. 2016 ஆகஸ்டில் வந்த நோ மேன்ஸ் ஸ்கை, வெளியீட்டுக்கு முன் பேட்டிகளில் பேசப்பட்ட பல வசதிகள் இல்லாமல் வந்தது. ஆடுகிறவர்களின் கோபம் பெரிதாக இருந்தது. அதை உருவாக்கிய ஹலோ கேம்ஸ் சிறிய குழுதான். அவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக இலவச அப்டேட்கள் வந்தன. எல்லோரும் கேட்ட பலர் சேர்ந்து ஆடும் வசதி 2018 ஜூலையில் முழுமையாக வந்தது. பின்னாளில் அந்தக் குழுவின் தலைவர் ஷான் மரே அப்டேட் நெருங்கும்போது ட்விட்டரில் ஒரே ஒரு எமோஜி மட்டும் போடுவார். அது என்னவாக இருக்கும் என்று ரசிகர்களே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவார்கள். அந்த ஒற்றை எமோஜிக்கு இருக்கும் மதிப்பு, சொன்னதைச் செய்துகாட்டிய வருடங்களிலிருந்து வந்தது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். அப்டேட்டை முடியுங்கள். பிளே கன்சோலில், அதாவது பிளே ஸ்டோருக்குக் கேமை ஏற்றும் கூகுள் தளத்தில், சோதனைப் பிரிவுக்கு ஏற்றி, பத்துப் பேரிடம் கொடுங்கள். அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேராவது பழைய போன் வைத்திருக்க வேண்டும். ஒரு வாரம் ஆடட்டும். கண்ணில் விழுகிற பக்கை (நிரல் பிழையை) எல்லாம் சரி செய்யுங்கள். அதன் பிறகுதான் முதல் போஸ்ட்டை எழுத உட்கார வேண்டும்.

எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

லைக் கேட்பது எளிது, அதனால் எல்லோரும் கேட்கிறார்கள். ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது: லைக் போடுங்கள், ஷேர் செய்யுங்கள், நண்பரை டேக் செய்யுங்கள் என்று தூண்டில் போடும் பதிவுகளைக் கீழே தள்ளுவோம் என்று. "டைம்லைனில் ஷேர் செய்தால் பரிசு" என்று போட்டி வைக்கவும் அவர்கள் விதியில் இடமில்லை. இன்ஸ்டாகிராமில் போட்டி நடத்தினால் அதற்கும் இன்ஸ்டாகிராமுக்கும் தொடர்பில்லை என்று நாமே எழுத வேண்டும். பிளே ஸ்டோரிலோ, காசோ பரிசோ கொடுத்து நட்சத்திரம் வாங்குவது அறவே கூடாது. "ஐந்து நட்சத்திரம் போட்டால் 500 காசு" என்று கேமுக்குள் எழுதியவர்களின் ஆப்பே தூக்கப்படலாம்.

லைக்கை விலைக்கு வாங்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1,000 லைக் விவகாரத்துக்குப் பிறகு, கெட்ட பெயரை மறைக்க நினைத்து ஒரு விளம்பர ஆளிடம் 3,000 ரூபாய் கொடுத்தேன். ஒரே இரவில் எங்கள் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் ஏறினார்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது, ஒருவரும் கேமை இறக்கவில்லை. அடுத்த போஸ்ட்டிலிருந்து எங்கள் உண்மையான ஆட்களுக்கே பதிவு போய்ச்சேரவில்லை என்று தோன்றியது. பின்தொடர்கிறவர்களில் பெரும்பாலோர் எட்டிக்கூடப் பார்க்காத பக்கத்தை யாருக்குத்தான் கொண்டுபோய்க் காட்டுவார்கள்? அந்தக் கணக்குகளை ஒவ்வொன்றாக நீக்க எனக்குப் பல நாள் ஆனது.

அப்படியென்றால் எதைக் கேட்பது? அப்டேட்டில் இருப்பதோடு நேராகத் தொடர்புள்ள ஒன்றைக் கேளுங்கள். எங்களுக்கு அது தற்செயலாகக் கிடைத்தது.

நான்கு பேர் ஆட்டம் ஒருவழியாக வந்த பிறகு, அடுத்த அப்டேட்டுக்கு வீட்டு விதிகளை எடுத்துக்கொண்டோம். தாயம் வீட்டுக்கு வீடு மாறும். என் ஆயா கணக்கில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அண்ணன் வீட்டில் ஐந்து விழுந்தாலும் இறக்குவார்கள். ஒரு காயையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போகலாம் என்பது சில வீடுகளில் கட்டாயம், சில வீடுகளில் இல்லை. இந்த விதிகளை எல்லாம் ஆடுகிறவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வசதியைச் செய்து முடித்தோம். முடித்த பிறகு ஒரு வரி மட்டும் போட்டோம்: "உங்கள் வீட்டில் வெட்டாமல் உள்ளே போகலாமா, கூடாதா? ஊர் பெயரோடு சொல்லுங்கள்."

லைக் என்ற சொல்லே அதில் இல்லை. பண்ருட்டியிலிருந்து ஒருவர் எழுதினார், நெல்லிக்குப்பத்திலிருந்து இன்னொருவர் மறுத்தார். பாகூர்க்காரர் ஒருவர் தன் பெரியம்மாவிடம் கேட்டு அந்தக் குரலையே பதிவு செய்து அனுப்பினார். அரியாங்குப்பத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே போஸ்ட்டின் கீழே வாக்குவாதம் செய்தார்கள். இங்கே தோற்றவர் யாரும் இல்லை, எல்லார் விதியும் கேமுக்குள் இருக்கிறது. மைன்கிராஃப்ட் ஓட்டெடுப்பில் வந்த மனக்கசப்பு இதில் வராததற்குக் காரணம் அதுதான்.

போஸ்ட்டை எப்படிச் செய்வது

எங்களுக்கு மிக நன்றாகப் போன வீடியோ 14 விநாடி. வைத்திக்குப்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. சாக்பீஸில் போட்ட கட்டம், அதன் ஓரம் பாதி அழிந்திருக்கும். புளியங்கொட்டையும் உடைந்த வளையல் துண்டும் காய்கள். ஒரு வயதான கை பித்தளைக் கட்டை இரண்டையும் உள்ளங்கையில் உரசுகிறது. அந்த உரசல் சத்தம் மூன்று விநாடி. கட்டை உருள்கிறது, ஒன்றில் ஒரு புள்ளி, மற்றதில் ஒன்றுமில்லை. "தாயம்!" என்று ஒரு குழந்தை கத்துகிறது. உடனே அதே கட்டம், அதே கோணத்தில் போன் திரையில். கீழே "வீட்டு விதிகள், வெள்ளி முதல்" என்ற நான்கு சொற்கள். பாட்டு இல்லை, பின்னணிக் குரல் இல்லை.

அதை எடுத்தபோது கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முதல் இரண்டு விநாடியில் நம் லோகோவைக் காட்டாதீர்கள், கட்டைவிரல் தள்ளிவிடும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள், ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் அதுதான் பொருந்தும். சத்தம் இல்லாமல் பார்க்கிறவர்கள் ஏராளம், ஆகவே சொல்ல வேண்டியது எழுத்திலும் இருக்கட்டும். தமிழ் எழுத்தை வீடியோ ஆப்பில் தட்டும்போது கொம்பும் காலும் பிரிந்து உடைகிறதா என்று இரண்டு போன்களில் திறந்து பார்த்துவிட்டே ஏற்றுங்கள். உடைந்த எழுத்தோடு வரும் விளம்பரத்தைப் பார்த்தால் கேமும் அப்படித்தான் இருக்கும் என்று ஆட்கள் நினைப்பார்கள்.

பிளே ஸ்டோரில் "புதிது என்ன" என்ற பகுதிக்கு 500 குறியீடுகள்தான் இடம். தமிழில் இது சீக்கிரம் தீர்ந்துவிடும். புதுச்சேரி என்பது நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்குப் பத்து. உயிர்மெய்யின் கொக்கியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். ஆகவே "பல பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன" என்பது போன்ற வரியில் இடத்தைக் கரைக்காமல், முதல் வரியிலேயே புது வசதியைச் சொல்லுங்கள். எந்தப் பக்கைப் பற்றி ஆட்கள் அதிகம் புலம்பினார்களோ அதைப் பெயர் சொல்லி இரண்டாவது வரியில் எழுதுங்கள். "சிவப்புக் காய் சிக்கிக்கொள்வது சரியாகிவிட்டது" என்று படித்தால், அதனால் கேமை அழித்தவரும் திரும்ப இறக்கிப் பார்ப்பார்.

நாள் குறிப்பது

கூகுளின் பரிசீலனை சில மணி நேரத்திலும் முடியலாம், ஏழு நாளும் ஆகலாம். ஆகவே வெளியீட்டுத் தேதியை அறிவித்துவிட்டு ஏற்றாதீர்கள். முதலில் ஏற்றி, அனுமதி வாங்கி, வெளியீட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு பிறகு நாளைச் சொல்லுங்கள். வெளியிடும்போதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறக்காமல், முதலில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குத் திறக்கும் வசதி பிளே கன்சோலில் உண்டு. ஒரு நாள் பார்த்துவிட்டு மீதிப் பேருக்குத் திறக்கலாம். பிரசார வீடியோ மீதிப் பேருக்குத் திறக்கும் அன்றுதான் வர வேண்டும்.

மார்ச் மாதம் பொதுத்தேர்வு. பிள்ளைகளை அப்போது இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மே மாத விடுமுறை எங்களுக்கு நல்ல காலம். ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் தேர், மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் தீர்த்தவாரி, இந்த நாட்களில் ஊரே வெளியே இருக்கும், அன்று போடும் போஸ்ட்டை யாரும் பார்க்க மாட்டார்கள். அதற்கு முந்தைய வாரம் போட்டால், திருவிழாவுக்கு வந்த உறவுப் பிள்ளைகள் ஒரே வீட்டில் சேர்ந்து ஆடுவார்கள். நான்கு பேர் ஆட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான வேளை கிடையாது.

நவம்பர் கடைசியையும் டிசம்பரையும் தவிர்த்துவிடுங்கள், அது புயல் காலம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மின்சாரமும் இணையமும் இல்லாத ஊரில் அப்டேட் போட்டுவிட்டு, பக் வந்தால் யார் சரிசெய்வது? அந்த நாட்களில் வேறு வேலைகள் இருக்கின்றன, பக்கத்து வீட்டில் தண்ணீர் புகுந்ததா என்று பார்ப்பது உட்பட.

பரிசு, சட்டம், பிள்ளைகள்

டிவி விளம்பரங்களின் கடைசியில் "இந்தச் சலுகை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது" என்று வேகமாகச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம்தான் அதற்குப் பின்னால் இருக்கிறது. குலுக்கிப் போட்டுப் பரிசு தருவதில் அங்கே சிக்கல் உண்டு. கடலூர்ச் சாலையில் முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. நம் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். நடுவில் சில ஊர்களில் ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு தமிழ்நாடு. ஆகவே குலுக்கலே வேண்டாம். எல்லோருக்கும் ஒரே பரிசு கொடுங்கள். எங்கள் வீட்டு விதிகள் அப்டேட்டை அந்த வாரம் திறந்த ஒவ்வொருவருக்கும் புளியங்கொட்டைக் காய் கொடுத்தோம். அதற்கு எங்களுக்கு ஆன செலவு, படம் வரைய ஒரு மாலை.

தமிழ் யூடியூபர் ஒருவரைக் கேட்டு ஆடிக் காட்டச் சொன்னால், காசு கொடுத்தாலும் சரி, ஓசியில் பொருள் கொடுத்தாலும் சரி, அது விளம்பரம் என்று அவர் தெளிவாகப் போட வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றத்தின் விதி 2021 ஜூன் முதல் இதைச் சொல்கிறது. நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. காசு கட்டி ஆடும் கேம்களை விளம்பரப்படுத்துவது 2025-இல் வந்த இணைய விளையாட்டுச் சட்டத்தால் நாடு முழுவதும் தடை. அப்படிப்பட்ட ஆப்காரர்கள் "உங்கள் கேமையும் சேர்த்து விளம்பரம் செய்கிறோம்" என்று வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பரிசு தருகிறேன் என்று போன் நம்பர், பிறந்த தேதி வாங்காதீர்கள். நம் கேமை ஆடுகிறவர்களில் பலர் 18 வயதுக்குக் கீழே. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அவர்கள் குழந்தைகள்தான், பெற்றோர் சம்மதம் இல்லாமல் அவர்கள் விவரத்தை வைத்துக்கொள்ள முடியாது. கேமுக்குள் தானாகவே வந்து சேரும் பரிசாக இருந்தால் எந்த விவரமும் தேவைப்படாது.

பிரசாரம் கொஞ்சம் பிரபலமானால் போலிப் பக்கமும் முளைக்கும். எங்கள் படத்தையே வைத்து "இந்த லிங்க்கில் பாஸ்வேர்டு போட்டால் தங்கக் கட்டை" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் பரப்பினார். பிரசாரம் தொடங்கும் அன்றே "நாங்கள் யாரிடமும் பாஸ்வேர்டு கேட்க மாட்டோம், லிங்க் அனுப்ப மாட்டோம்" என்று ஒரு பதிவைப் பக்கத்தின் உச்சியில் குத்தி வையுங்கள். யாராவது பணம் இழந்திருந்தால் உடனே 1930 எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.

வெளியான பின் ஏழு நாள்

முதல் இரண்டு நாள் புது போஸ்ட் எதையும் எழுதாதீர்கள். பதில் எழுதுங்கள். ஒவ்வொரு கருத்துக்கும், முடிந்தவரை கேட்டவரின் பேச்சு நடையிலேயே. பெரியவர்களை ஐயா, அம்மா என்றும், பிள்ளைகளைத் தம்பி, பாப்பா என்றும் கூப்பிட்டால் பேச்சு நீளும். பக் இருக்கிறது என்று சொன்னவரிடம் எந்த போன் என்று கேளுங்கள், சரியானதும் அதே கருத்துக்குக் கீழே போய்ச் சொல்லுங்கள். பலர் அதற்குப் பிறகுதான் நட்சத்திரத்தை மாற்றுவார்கள், நாம் கேட்காமலே.

எண்ணிப் பார்க்க வேண்டியவை மூன்று. அப்டேட் அன்று கேமைத் திறந்தவர்கள் எத்தனை பேர். ஏழாவது நாளும் திறந்தவர்கள் எத்தனை பேர். அழித்துவிட்டுப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர். லைக் எண்ணிக்கையை நான் இப்போது எழுதி வைப்பதே இல்லை. 1,000 லைக் வாங்கிய போஸ்ட்டால் வந்த புது ஆட்கள் ஏழாவது நாளில் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருந்தார்கள். வெட்டாமல் உள்ளே போகலாமா என்று கேட்ட போஸ்ட்டுக்கு அதில் பாதி லைக்கூட இல்லை. ஆனால் பதில் எழுதிய வீடுகளில் பலர் ஒரு மாதம் கழித்தும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எட்டாவது நாள் நன்றி சொல்லி ஒரு பதிவு போடுங்கள். அதில் எந்த விதி எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதுங்கள், ஆட்களின் பெயர் வேண்டாம், ஊர் போதும். நாங்கள் போட்ட பதிவில் பதினொரு ஊர்கள் இருந்தன. பாகூர் பெரியம்மா சொன்ன விதிக்கு "பாகூர் வெட்டு" என்றே கேமில் பெயர் வைத்தோம். அந்தப் பெயரை அண்ணன் நிரலில் சேர்த்த இரவு எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். அடுத்த நாள் காலை அதே பெயர் தெரியும் ஒரு படம் பாகூரிலிருந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்திருந்தது, அதில் பெரியம்மாவின் கை ஒரு சிவப்புக் காயைத் தொட்டுக்கொண்டிருந்தது.